இறங்காமல் பார்க்கும் தீவு

(வேலூரில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நோட்டீசில் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். எரிமலைத் தீவைச் சுற்றி ஒரு சிறு கப்பல் பயணம். அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் என்னை வாசலிலேயே மடக்கிவிட்டார். "ஐயா, பாலாத்துல தண்ணி ஓடிப் பார்க்கிறதே எங்களுக்கு அபூர்வம். எங்ககிட்ட வந்து கடலு, கப்பலு, எரிமலைன்னு பேசறீங்களே, நியாயமா?" என்றார். நியாயம்தான் பெரியவரே. உங்களுக்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

வேலூருக்குக் கடல் இல்லை. ஆனால் கடலோடு உறவு இல்லையா? 1815இல் கண்டி வீழ்ந்தது. அடுத்த ஆண்டு அதன் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரைக் கொழும்பில் கப்பலேற்றிச் சென்னையில் இறக்கி, நம் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 1832இல் இங்கேயே கண்ணை மூடினார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறதே, அது கடல் கடந்து வந்தவரின் கல்லறை. அது வந்த கதை. போன கதை என்ன? ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஈ.ஐ. தோல், இந்த வட்டாரத்திலிருந்து மூட்டை மூட்டையாகச் சென்னைத் துறைமுகம் போய், அங்கிருந்து லண்டன் சந்தைக்குப் போன கதை. இன்றைக்கும் ஆம்பூரில் தைத்த ஷூ கப்பலேறிப் போய்க்கொண்டுதானே இருக்கிறது? இவை உங்களுக்குத் தெரிந்த உறவுகள். மூன்றாவதாக ஓர் உறவு உண்டு. அது நடுக்கடலில் இருக்கும் ஒரு தீவுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கப்பலேறுவோம்.

காட்பாடியில் ரயிலேறிச் சென்னை. சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். நாம் போர்ட் பிளேர் என்று படித்த ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அந்தத் துறைமுகத்திலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் போக வேண்டும். இங்கிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். ஆனால் வழியில் வாலாஜா கிடையாது, காஞ்சிபுரம் கிடையாது, டீ குடிக்க ஒரு கடை கிடையாது. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அதன் முடிவில் பாரன் தீவு.

பாரன் தீவு என்றால் என்ன? இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை எத்தனை என்று இங்கே கடைசி வரிசையில் இருக்கும் மாணவர்களைக் கேட்டால் ஒன்று என்பார்கள். அந்த ஒன்று இதுதான். தெற்காசியா முழுவதற்கும் இது ஒன்றுதான். கரைக்குக் கரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் உயரம் 354 மீட்டர். அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். அந்த மலை கடலடியிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் எழும்பி வந்து, உச்சியை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் பார்ப்பது மலையின் நெற்றி.

பெரும்பாலும் இரவில்தான் கிளம்புவார்கள். விடியும்போது தீவின் முன்னால் நிற்க வேண்டும் என்பது கணக்கு. சிறிய கப்பல் என்பதால் அலையின் ஒவ்வொரு அசைவும் நம் வயிற்றுக்குத் தெரியும். கதாநாயகனைப் போல மேல்தட்டில் நின்றவர்கள்கூட நள்ளிரவில் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்பார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! ஆனால் அந்த நிலையிலும் கண்ணைத் திறந்திருந்தால் பலன் உண்டு. கப்பலின் விளக்கொளியில் கோலா மீன்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, சிறகு விரித்து, காற்றில் தூரம் கடந்து விழும். நம் சோழமண்டலக் கரை மீனவர்கள் வலைபோடும் அதே கோலா. கிழக்கு வெளுக்கும் நேரத்தில், அதிர்ஷ்டம் இருந்தால், ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், கப்பலின் மூக்கோடு போட்டி போட்டு ஓடிவரும்.

அப்புறம் தீவு. கப்பல் வேகத்தைக் குறைத்துச் சுற்றி வருகிறது. கிழக்குப் பக்கம் பார்த்தால் பச்சை. மரங்கள் மூடிய செங்குத்தான சரிவு. எரிமலை எங்கே, ஏமாற்றிவிட்டார்களா என்று தோன்றும். மேற்கே திரும்புங்கள். மலையின் சுவர் அங்கே உடைந்து வாய் திறந்து நிற்கிறது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் அகலமான பழைய எரிவாயின் சுவர் அது. அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கூம்பு. கூம்பின் தலையில் புகை. கூம்பின் அடியிலிருந்து கடல் வரைக்கும் கன்னங்கரேலென்று உறைந்துபோன லாவா. புல் இல்லை, பூண்டு இல்லை. நான் போன அன்று நெருப்பைக் காணவில்லை, புகைதான் இருந்தது. எரிமலை நம் டிக்கெட்டுக்குக் கட்டுப்பட்டதா என்ன?

ஆனால் நெருப்பைப் பார்த்தவர்கள் உண்டு. 1787இல்தான் இந்தத் தீவு எரிவதைப் பற்றிய முதல் பதிவு. 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் பார்த்தார். போர்ட் பிளேர் என்ற பெயரில் இருந்தாரே, அதே பிளேர்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சில முறை சீறியது. பிறகு அடங்கியது. ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை, ஐந்தாறு தலைமுறை! செத்துப்போன எரிமலை என்றே நினைத்திருந்தார்கள். 1991இல் எழுந்து மாதக்கணக்கில் எரிந்தது. 2005 மே மாதம் மறுபடியும். 2017 ஜனவரியில், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் சிந்து சங்கல்ப் என்ற ஆய்வுக் கப்பலில் அருகே வேலை செய்துகொண்டிருந்தபோது அவர்கள் கண்முன்னே சாம்பலைக் கக்கியது. பகலில் சாம்பல் மேகம், இருட்டியதும் சிவப்பு ஊற்று. 2025 செப்டம்பரிலும் சீறிவிட்டு அடங்கியது.

2005 மே என்றேனே, அதற்கு முந்தைய டிசம்பரை இந்த அரங்கில் யாராவது மறந்திருப்பீர்களா? 2004 டிசம்பர் 26. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் நாம் கொடுத்த உயிர்கள்! அந்தச் சுனாமியைக் கிளப்பிய அதே பிளவுதான் இந்த எரிமலைக்கும் தாய். நாம் நிற்கும் இந்திய நிலத்தட்டு அந்தமானுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. ஆழத்துக்குப் போகப் போக, அது கொண்டுபோன நீர் மேலே இருக்கும் பாறையை இளக்குகிறது. இளகியது மேலே வருகிறது. சுமத்திராவிலிருந்து பர்மா வரை இதே எரிமலை வரிசைதான். பெருநிலநடுக்கம் நடந்து ஐந்து மாதத்தில் பாரன் எழுந்ததற்கும் அந்த அதிர்வுக்கும் தொடர்பு உண்டா என்பதை ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இப்படி நெருப்பு கக்கும் இடத்தில் உயிர் வாழுமா? வாழ்கிறது. பச்சைச் சரிவில் புறாக்கள் இருக்கின்றன. பழந்தின்னி வௌவால்கள் இருக்கின்றன. கடலுக்குள் இறங்கிய லாவாவின் மேலேயே பவளம் பிடித்து, வியக்கத்தக்க வேகத்தில் வளர்கிறது. முக்குளிக்கப் போகிறவர்கள் அங்கே கொம்புத்திருக்கை பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசுவார்கள். இன்னொரு விலங்கும் இருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள். ஆடு! 19ஆம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள் விட்டுவிட்டுப் போன வெள்ளாடுகளின் வாரிசுகள், நன்னீரே அரிதான அந்தத் தீவில் இன்னும் பிழைத்திருக்கின்றன. அதோ சிரிக்கிறீர்கள். ஆம்பூர்க்காரரிடம் ஆடு என்று சொன்னால் அவர் மனத்தில் முதலில் ஓடுவது பிரியாணியா, தோலின் சதுர அடியா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஆனால் தீவில் ஆடு என்பது சிரிக்கிற விஷயம் இல்லை தோழர்களே. உலகத்தின் மறுகோடியில் ஈக்குவடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகள் இருக்கின்றன. அவையும் எரிமலைத் தீவுகள். 1835இல் டார்வின் ஐந்து வாரம் சுற்றிப் பார்த்த தீவுகள். அங்கே பின்ட்டா என்ற தீவில் 1959இல் மூன்றே மூன்று ஆடுகளை விட்டார்கள். பதினைந்து ஆண்டுக்குள் அவை பல்லாயிரமாயின. ஆமை தின்ன வேண்டிய செடியை எல்லாம் ஆடு தின்றது. கப்பலோட்டிகள் முன்பே ஆமைகளை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சியது ஒரே ஒரு ஆண் ஆமை. ஜார்ஜ் என்று பெயர் வைத்துக் காப்பாற்றினார்கள். 2012இல் அதுவும் போயிற்று. அந்த இனமே முடிந்தது. பக்கத்துத் தீவுகளில் ஆடுகளை ஒழிக்க என்ன பாடுபட்டார்கள் தெரியுமா? ஹெலிகாப்டரில் பறந்து சுட்டார்கள். மிச்சமிருந்த ஆடுகள் ஒளிந்துகொண்டன. உடனே சில ஆடுகளைப் பிடித்துக் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி விட்டார்கள். ஆடு தனியாக இருக்குமா? கூட்டத்தைத் தேடிப் போகும். அது போகும் இடத்துக்குத் துப்பாக்கியும் போகும். காட்டிக்கொடுத்த அந்த ஆட்டுக்கு அங்கே யூதாஸ் ஆடு என்று பெயர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைக் கொன்ற பிறகே காடு தலையெடுத்தது. விட்டவன் கையில் மூன்று ஆடு, விரட்டியவனுக்கு எத்தனை ஆண்டு வேலை!

அதனால்தான் கலாபகஸில் இன்றைக்குக் கண்டிப்பு. நூறு பேருக்கு மேல் ஏற்றும் சுற்றுலாக் கப்பலுக்கு இடமில்லை. கரையில் இறங்கினால் பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி. எந்தக் கப்பல் எந்தத் தீவுக்கு என்றைக்குப் போகலாம் என்று பூங்கா நிர்வாகம் எழுதிக் கொடுக்கும். கேப்டன் இஷ்டம் என்பதே கிடையாது.

நம் பக்கம் திரும்புவோம். பாரனுக்கு வடக்கே இன்னும் ஏறக்குறைய 135 கிலோமீட்டர் போனால் நார்கொண்டம். இதுவும் எரிமலைதான். ஆனால் ஓய்ந்த எரிமலை. 710 மீட்டர் உயரம், ஏறக்குறைய ஏழு சதுர கிலோமீட்டர் நிலம், உச்சி வரை அடர்ந்த காடு. அந்தக் காட்டில் ஓர் இருவாச்சி இருக்கிறது. வால்பாறையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இருவாச்சியின் உறவுக்காரி. ஆனால் நார்கொண்டத்து இருவாச்சி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பர்மாவில் கிடையாது, மற்ற அந்தமான் தீவுகளில் கிடையாது. இந்த ஒரு மலை, இந்த ஒரு காடு, இதுதான் அதற்கு மொத்த உலகம். 1873இல் இதை விஞ்ஞானத்துக்கு அறிமுகப்படுத்தியவர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். பன்னிரண்டு ஆண்டு கழித்துக் காங்கிரசைத் தொடங்கிவைத்த அதே ஹ்யூம். ஆணுக்குச் செம்பழுப்புக் கழுத்து, பெண்ணுக்குக் கறுப்பு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், அலகு நீளும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு ஆண் பறவைக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. அத்திப்பழம், அத்திப்பழம், மறுபடியும் அத்திப்பழம். கொண்டுவந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். (தாய்மார்கள் பக்கமிருந்து கைதட்டல் வருகிறது. புரிகிறது.)

முன்பெல்லாம் முந்நூறு, நானூறு பறவைகள்தான் என்று மதிப்பிட்டார்கள். அண்மைய கணக்கெடுப்பு ஆயிரத்தைத் தொட்டது. ஆயிரம் என்பது நிம்மதியான எண்ணா? காட்பாடி ஸ்டேஷனில் ஒரு ரயில் நின்றால் இறங்கும் கூட்டம் அது. 1960களின் கடைசியில் அங்கே ஒரு காவல் நிலையம் வைத்தார்கள். காவலர்களுக்கு உணவுக்காக என்ன போயிற்று? ஆடு! நல்லவேளையாகப் பிற்காலத்தில் அப்புறப்படுத்திவிட்டார்கள்.

அடுத்து ரேடார் வந்தது. கடலோரக் காவல்படை நார்கொண்டத்தில் ரேடார் நிலையம் கட்டக் கேட்டது. காட்டை வெட்டிச் சாலை, ஜெனரேட்டர், ஆள் நடமாட்டம். 2012இல் ஜெயந்தி நடராசன் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது அமைச்சகம் மறுத்தது. 2014இல் ஆட்சி மாறியதும் அனுமதி கிடைத்தது. நாட்டுக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2012இல் எழுந்த கேள்வி சரியான கேள்வி. இந்தப் பறவைக்கு இது கெடுதல் என்று உறுதியாக நிரூபிக்க முடியுமா என்று ஒரு பக்கம் கேட்டார்கள். கெடுதல் இல்லை என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா என்று மறுபக்கம் திருப்பிக் கேட்டார்கள். நிரூபிக்க வேண்டியது யார்?

இங்கேதான் பெரியவரே, உங்களுக்குப் பதில் வருகிறது. நிரூபிக்க வேண்டியது யார் என்ற அந்தக் கேள்விக்கு இந்திய நாட்டின் சட்டம் எந்த ஊரிலிருந்து பதில் எடுத்தது? வேலூரிலிருந்து! வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் எதிர் இந்திய ஒன்றியம். 1996 ஆகஸ்ட் 28, உச்ச நீதிமன்றம், நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு. டேனரிக் கழிவு பாலாற்றிலும் வயலிலும் இறங்கி, தோல் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். அதைவிடப் பெரிது அவர்கள் வகுத்த கோட்பாடு. மீட்க முடியாத கேடு வரும் என்ற அச்சம் இருந்தால், விஞ்ஞானம் இன்னும் முடிவு சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லித் தடுப்பைத் தள்ளிப்போடாதே. கெடுதல் இல்லை என்று காட்ட வேண்டியவன், காரியத்தைச் செய்ய வருகிறவன். முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்தது நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு. காட்டைப் பற்றியும் கடலைப் பற்றியும் வாதாடுகிற வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து "வேலூர் கேஸ்" என்றால், நீதிபதிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பெருமையா இது? பாதிப் பெருமை. அந்தக் கோட்பாடு வந்த நாளில் நம் கிணறுகள் ஏற்கனவே கெட்டிருந்தன. நோய் வந்தவன் வீட்டில் எழுதிய மருந்துச் சீட்டு அது. அந்த மருந்து நோய் வராதவனுக்குப் பயன்படும் இடம் நார்கொண்டம், பாரன் மாதிரியான இடங்கள்.

இப்போது மறுபடியும் நம் கப்பலுக்கு வாருங்கள். தீவைச் சுற்றி முடித்ததும் மேல்தட்டில் ஒரு முணுமுணுப்பு எழும். எழாமல் இருக்காது. "இவ்வளவு செலவு பண்ணி வந்து, காலை வைக்காமலே திரும்பறதா?" ஆமாம். பாரன் தீவில் சுற்றுலாப் பயணி இறங்க அனுமதி இல்லை. உலகத்துக்கே ஷூ தைத்துக் கொடுக்கும் ஊர்க்காரர் போனாலும் ஷூவுக்கு அங்கே வேலை இல்லை. எரிமலையோ காடோ நம்மைக் கூப்பிடவில்லை. இறங்கினால் என்ன ஆகும்? நியூசிலாந்தில் வக்காரி என்ற எரிமலைத் தீவு இருக்கிறது. அங்கே இறங்க விட்டார்கள். பெரும் பயணக் கப்பலில் வந்தவர்கள் எரிவாய் விளிம்பு வரை நடந்து போனார்கள். 2019 டிசம்பர் 9ஆம் தேதி மதியம் அது வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்கள்! அது நம் உயிருக்கு ஆபத்து. நம் செருப்படியில் ஒட்டிக்கொண்டு போகும் ஒரு விதை, பையில் ஒளிந்து போகும் ஓர் எலி, அது தீவின் உயிருக்கு ஆபத்து. இரண்டையும் தடுப்பது ஒரே விதி. இறங்காதே!

2025 அக்டோபர் கடைசியில் அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறையே ஐந்நூறு பேர் போகும் கப்பலில் பாரனுக்கு இரவுப் பயணம் அறிவித்தது. சாதாரண வருமானக்காரருக்கும் கட்டுப்படியாகும் டிக்கெட் வரவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பணக்காரர் மட்டும் பார்த்துவிட்டு வந்து நமக்கு ஃபோட்டோ காட்ட வேண்டுமா என்ன? ஆனாலும் என் மனம் சிறிய கப்பல் பக்கம்தான் சாய்கிறது. இருபது முப்பது பேர் என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கைப்பிடிக் கம்பி கிடைக்கும். பறவையைக் காட்டுகிறவர் குரல் கடைசி ஆள் வரை கேட்கும். ஐந்நூறு பேர் கப்பலில் பாதிப் பேர் கேண்டீன் வரிசையில் நிற்கும்போதே தீவு பின்னால் போய்விடும். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போடும் கப்பலாக இருந்தால், ஓங்கிலும் வராது. நாமும் எரிமலையின் முனகலைக் கேட்க மாட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். மழைக்காலத்தில் ஆசைப்படாதீர்கள். வாந்தி மாத்திரையைக் கப்பலேறுவதற்கு முன்பே போடுங்கள், ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. வனத்துறை அனுமதி, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்பவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பைனாகுலர் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க அண்ணே" என்று மட்டும் கேப்டனைக் கெஞ்சாதீர்கள்.

கேள்வி நேரம் என்று அவைத்தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். அந்த வேலூர் வழக்கு நடந்த ஆண்டுகளில் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்கள், மனு எழுதியவர்கள், கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால் முதலில் அவர்கள் பேசட்டும். தம்பி, இந்த மைக்கை அந்த மூன்றாவது வரிசைக்குக் கொண்டு போ. அந்தப் பெரியவரிடமிருந்தே தொடங்கலாம். கப்பல் கட்டணம் பற்றிய கேள்விகளை அப்புறம் கேளுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.